ஜோசியாவின் பங்கு

"பாதிக்குப் பாதிங்கற பேச்சே வேணாங்க அம்மணி. அறுபது எங்களுக்கு, நாப்பது உங்களுக்கு. இஷ்டம்னா கையெழுத்துப் போடுங்க" என்றார் பழனிசாமி.

செலின் அவர் நீட்டிய பேனாவை வாங்கி மேஜையில் வைத்தாள். சைனிக்புரியில் ராகவேந்திராவின் ஆபீஸ் அறையில் ஏசி ஓடியும் புழுக்கமாகத்தான் இருந்தது. ராகவேந்திரா குத்துச்சண்டைப் போட்டிகள் நடத்துகிறவர். டிவிக்காரர்களிடம் பேசி இரண்டு கோடிக்கு இந்தச் சண்டையைப் பிடித்திருந்தார். அதை இரண்டு வீரர்களும் எப்படிப் பங்கு போட்டுக்கொள்வது என்ற பஞ்சாயத்துதான் காலையிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தது.

நாட்டில் இரண்டு சங்கங்கள், இரண்டு ஹெவிவெயிட் சாம்பியன் பெல்ட்டுகள். ஒன்று பழனிசாமி வளர்த்துவிட்ட மணிவண்ணனிடம் இருந்தது. இன்னொன்று செலினின் கணவன் ஜோசியாவிடம். இந்தச் சண்டையில் ஜெயிக்கிறவன் இரண்டையும் சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம். மணிவண்ணன் இளவட்டம். ஜோசியாவுக்கு நாற்பது நெருங்கிவிட்டது. இதை விட்டால் அவனுக்கு இன்னொரு பெரிய சண்டை வரப்போவதில்லை என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். பாவம், அவனுக்கும் தெரியும்.

அவனுக்காகப் பேரம் பேசுவதெல்லாம் செலின்தான். அவன் பக்கத்து நாற்காலியில் நெருக்கி உட்கார்ந்து, மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாப்பதுக்கு ஒத்துக்கிடுதேன், அண்ணாச்சி" என்றாள் செலின். "ஆனா நான் கேட்ட ஸ்கேன் விஷயத்தை அக்ரிமென்ட்ல எழுதணும்."

பழனிசாமியின் முகம் சுருங்கியது. இங்கெல்லாம் சண்டைக்கு முன்னால் ஒரு டாக்டர் வருவார், நாடி பிடிப்பார், பிரஷர் பார்ப்பார், கண்ணில் டார்ச் அடித்துவிட்டுப் போய்விடுவார். அதோடு சரி. செலின் கேட்டது வேறு. இரண்டு பேருக்கும் தலையில் ஸ்கேன் எடுக்க வேண்டும். டாக்டர் யாரையாவது வேண்டாமென்றால் சண்டையே கிடையாது. தேறாதவன் தன் பெல்ட்டை மற்றவனிடம் கொடுத்துவிட வேண்டும், அதற்குப் பிறகு எந்த மேடையிலும் ஏறக் கூடாது.

பழனிசாமிக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. கோவாவில் மணிவண்ணன் ஒரு குத்து வாங்கி, எழுந்திருக்க நேரமானதை மனதில் வைத்துக்கொண்டுதான் இப்படிக் குடைகிறாள் என்று நேராகவே சொன்னார். செலின் மறுக்கவில்லை. வீட்டில் ஜோசியாவிடமும் அவள் அதைத்தான் சொல்லியிருந்தாள். மணிவண்ணன் ஸ்கேனில் தேறமாட்டான், ஒரு குத்துகூட வாங்காமல் இரண்டு பெல்ட்டும் நமக்கு வந்துவிடும் என்று ஆசைகாட்டித்தான் கணவனை அழைத்து வந்திருந்தாள்.

"அப்படீன்னா எங்களுக்கு எழுபதுங்க" என்றார் பழனிசாமி வீம்பாக.

"சரி."

அவருக்கே திக்கென்றது. இவ்வளவு சுலபமாக இறங்குகிறவளை இன்னும் கொஞ்சம் இறக்கிப் பார்த்தால் என்ன என்று தோன்றியிருக்க வேண்டும். எழுபத்தைந்து என்றார். அதற்கும் செலின் தலையாட்டினாள்.

ராகவேந்திராவுக்கே மனசு கேட்கவில்லை. சண்டை நடக்காவிட்டால் டிவிக்காரர்கள் யாருக்கும் ஒரு பைசா தரமாட்டார்கள், நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள் அக்கா என்று தாழ்ந்த குரலில் சொன்னார். தெரியும் என்றாள் அவள்.

ஜோசியா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். அறையே சின்னதாகிவிட்டது.

"எதுக்கு இவ்வளவு இறங்கற? நான் என்ன ரோட்ல போற ஆளா? நக்கோ, வேணாம் செலின், எழுந்திரு. போலாம்."

செலின் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்குப் பணம் முக்கியமா, பெல்ட் முக்கியமா?" என்று கேட்டாள். கல்யாணமான புதிதிலிருந்து அந்தக் கேள்விக்கு அவனிடம் ஒரே பதில்தான். முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தான்.

பழனிசாமி வராந்தாவுக்குப் போய் மணிவண்ணனுக்குப் போன் போட்டுப் பேசினார். திரும்பி வந்தபோது சிரித்துக்கொண்டிருந்தார். எத்தனை ஸ்கேன் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டானாம். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். ஜோசியா எங்கே போட வேண்டும் என்று செலின் விரல் வைத்துக் காட்டினாள்.

கிளம்பும்போது பழனிசாமிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "தப்பா நினைக்காதீங்க அம்மணி. கட்டின புருசனை இவ்வளவு மலிவா வித்தவங்களை நான் பார்த்ததே இல்லீங்க."

செலினுக்குக் கண் நிறைந்துவிட்டது. "இருக்கட்டும் அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னாள்.

வெளியே வெயில் இறங்கியிருந்தது. ஸ்கூட்டரை அவள் ஓட்டினாள். பின்னால் ஜோசியா வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தான். நாச்சாரத்து ஜிம்மில் பையன்கள் முகத்தில் இனி எப்படி விழிப்பது என்று கேட்டான். அவளுக்கு அழுகையை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது.

"அவன் ஸ்கேன்ல தேறிட்டா? இருபத்தஞ்சுக்கு நான் அடி வாங்கணுமா?"

"நீங்க இனிமே யார்கிட்டயும் அடி வாங்க மாட்டீங்க."

"பிராமிஸ்?"

"பிராமிஸ்" என்றாள்.

குஷாய்குடாவில் பெரிய ஃபேக்டரிச் சுவரைத் தாண்டி, சந்துக்குள் திரும்பி, கேட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினாள். இறங்கிப் பூட்டைத் திறந்தாள். ஜோசியா வண்டியை விட்டு இறங்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் குடியிருக்கும் அந்த வீட்டை மேலும் கீழும் பார்த்தான்.

"இங்க யாரைப் பாக்க வந்திருக்கோம், செலின்?" என்று கேட்டான்.