அரசியின் இடது கை

இனி இடது கை மட்டும்தான் பாக்கி.

ஜூலியா பொம்மையைத் துண்டின் மேல் குப்புறப் படுக்க வைத்தாள். பால்கனியில் வெயில் நன்றாக விழும் இடத்துக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஜனவரி மாதம். மயூர் விஹாரில் அன்றுதான் பனி விலகி வெயில் வந்திருந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தவள் புடவைகூட மாற்றவில்லை.

பொம்மைக்கு முகலாய அரசி வேஷம். மகள் ஷீபாவின் பள்ளியில் சரித்திரக் கண்காட்சி. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு காலத்து உடையைப் பொம்மைக்குப் போட்டுக் கொண்டுவர வேண்டும். மறுநாள் காலையில் கொடுத்தாக வேண்டும்.

சிவப்புப் பட்டில் பைஜாமா ஆகிவிட்டது. கரோல் பாக் கடைத்தெருவில் தேடி வாங்கிய ஜரிகையை வைத்து முக்காடும் ஆகிவிட்டது.

மேலங்கிதான் படுத்தியது. பழைய ஓவியங்களில் இருப்பதுபோல் உள்ளே போட்டிருப்பது தெரிய வேண்டும் என்று மல்மல் துணி எடுத்திருந்தாள். ஊதினால் பறக்கும். கொஞ்சம் இழுத்தால் கிழியும்.

பல முறை கிழிந்தும் விட்டது.

போன குளிர்காலத்தில், பனிமூட்டத்தில் வந்த லாரி ஒன்று அவள் போன ஆட்டோவை இடித்துக் கவிழ்த்தது. உடைந்த கண்ணாடி வலது மணிக்கட்டைக் கிழித்துவிட்டது. நரம்பைச் சேர்த்துத் தைத்தார்கள். விரல்கள் மடங்கின, நீண்டன. ஆனால் அவை யாருடைய விரல்களோ போல இருந்தன. டீ கிளாஸ் நழுவும். சேப்டி பின்னைப் பூட்ட கணவன் ஞானசீலனைக் கூப்பிட வேண்டும்.

கை தேறிவிட்டது என்று போன மாதம் டாக்டர்கள் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். நம்பாதவள் அவள் மட்டும்தான்.

மார்க்கெட்டில் டெய்லர் பையா இருக்கிறார், அரை மணி நேரத்தில் தைத்துக் கொடுத்துவிடுவார் என்று ஷீபா வாரம் முழுவதும் சொல்லிப் பார்த்தாள். பாதி பயம், பாதி அம்மாமேல் பரிதாபம். ஊசியிலாவது நூல் கோத்துத் தரட்டுமா என்று ஞானசீலன் கேட்டார். அதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அரசியின் கை அவளுடைய சுண்டுவிரலைவிட ஒல்லி. அதற்கான துணிக்குழலைத் தோளில் இருந்த ஓட்டையோடு சேர்க்க வேண்டும்.

ஜூலியா துணியை விரலால் தொடவில்லை. சின்ன இடுக்கியால் ஓரத்தைத் தூக்கிப் பிடித்து, ஊசியைச் செருகி, இழுத்து, முடிச்சுப் போட்டு நூலை வெட்டினாள். மறுபடி செருகி, முடிச்சுப் போட்டு, வெட்டினாள்.

ஒரே நூலில் ஓட்டிவிட்டால் சீக்கிரம் முடியுமே என்றாள் ஷீபா.

"ஒண்ணு விட்டாலும் மத்தது நிக்கணும் மக்ளே," என்றாள் ஜூலியா, தலை நிமிராமல்.

தோள் முடிந்தது. முதுகுப் பக்கம் முடிந்தது. அக்குள் பக்கம் கடைசித் தையல்.

ஊசி பாதி உள்ளே போனதும் கட்டைவிரல் நடுங்கியது.

முன்பெல்லாம் இந்த இடத்தில்தான் அவசரப்பட்டு இழுப்பாள். துணி போய்விடும். இப்போது இழுக்கவில்லை. அப்படியே நிறுத்தினாள். ஞானசீலன் செய்தித்தாளைப் புரட்டாமல் பிடித்துக்கொண்டிருந்தார். கீழே தெருவில் காய்கறி வண்டிக்காரன் கூவிக்கொண்டு போனான்.

ஜூலியா கண்ணை மூடினாள்.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஊசி இருந்தது. வழவழப்பாக, குளிர்ந்து. கண்ணால் பார்க்காமலே அது தெரிந்தது. ஒரு வருஷத்தில் முதல் தடவையாக விரலுக்கே தெரிந்தது.

கண்ணைத் திறக்காமலே ஊசியைத் தள்ளினாள். போயிற்று. நூலை இழுத்தாள். வந்தது. முடிச்சுப் போட்டாள்.

பிறகு துணியைத் திருப்பி, அரசியின் இடது கையை உள்ளே நுழைத்து வெளியே எடுத்தாள். ஷீபா கையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். சந்தேகத்தோடு இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்த்தாள். கிழியவில்லை.

"அம்மா, தையலே தெரியல."

ஜூலியா சிரித்தாள். அவள் அப்படிச் சத்தமாகச் சிரித்து ஞானசீலன் கேட்டு ரொம்ப நாளாயிற்று. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

அவள் எழுந்து உள்ளே போய் டெலிபோனை எடுத்து, டாக்டர் சிவஞானத்தின் வீட்டு நம்பரைச் சுழற்றினாள். இத்தனை நாளும் அவர்தான் கூப்பிட்டு விசாரிப்பார். உன் கையை நீ நம்பும்போது சொல், அதுவரை அவசரமில்லை என்பார்.

"நாளைக்கு டியூட்டிக்கு வரேன் சார்," என்றாள்.

அவர், நாளைக் காலையில் ஆபரேஷனுக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறது, பிறந்து இரண்டு நாள், உணவுக்குழாய் வயிற்றோடு சேராமலே பிறந்திருக்கிறது என்றார். திறப்பதைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், சேர்க்கும் தையல் மட்டும் அவளுடையது என்றும் சொன்னார்.

மறுநாள் ஷீபா அரசியைத் தூக்கிக்கொண்டு பள்ளி பஸ்ஸில் ஏறிய நேரத்தில், குழந்தைகள் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் டாக்டர் ஜூலியா கையுறை மாட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் அந்தக் குழந்தை முதல் முறையாகத் தன் தாயிடம் பால் குடித்தது.