ஆமை இழுத்த கழுத்து

சீசன் முடிந்ததும் காட்டு கிரிக்கெட் அணியின் கேப்டன் நரி சிக்கனத்தில் இறங்கியது. சுழல் போடும் ஆமைக்குத் தாமரைக்கிழங்குதான் தொண்டையில் இறங்கும். வேகம் போடும் முயல்களுக்கோ புல்லே போதும். ஆகவே ஆமையை ஆற்றங்கரை அணிக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு இரண்டு முயல்களை வாங்கிப் போட்டது.

“நாளைக்கு ஆமையண்ணன் நமக்கே பந்து போட்டா?” என்று கேட்டது விக்கெட் கீப்பர் கீரி.

“போடட்டுமே!” என்றது நரி. “அவன் பந்து எந்தப் பக்கம் திரும்பும்னு உனக்குத்தான் அத்துப்படியாச்சே. எல்லாருக்கும் சொல்லிக்குடு.”

கீரிக்குச் சுருக்கென்றது. ஆமையை வழியனுப்ப ஆற்றங்கரை வரை கூடவே போயிற்று. அங்கே மனசு கேட்கவில்லை.

“அண்ணே, பந்தை மாத்தித் திருப்பும்போதெல்லாம் நீங்க கழுத்தை லேசா உள்ளே இழுக்கிறீங்க. இனிமே இழுத்துடாதீங்க.”

ஆமை சிரித்தது. “பந்தைப் பிடிக்க நீ தடுமாறக் கூடாதேன்னுதான் தம்பி இழுத்தேன்.”