அமாவாசை ரேட்டு

“ஒரு ஆத்மா கரையேற முன்னூத்தி எண்பது வெள்ளிம்மா. பூ, பழம், பிண்டம் எல்லாம் அதுலயே அடங்கிடும்.”

சுங்கைப்பட்டாணிக் கோயிலின் பக்க மண்டபத்தில், காற்றாடிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்த ஐயர், தக்காளி விலை சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

நளினிக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்; எழுந்தாள்; கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள்; மறுபடி உட்கார்ந்தாள். விரல் தானாக நெற்றிக்குப் போனது. பொட்டு இன்னும் இருந்தது. இந்த மண்டபத்தில் அவள் ‘சரி’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், இருக்காது.

“முன்னூத்தி எண்பதா? கோயிலா சாமி இது, ஏர்போர்ட்டுக் கடையா?” கூட வந்திருந்த துணிக்கடை ஜெயகுமார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “முன்னூறுன்னு முடிங்க. வாத்தியார் குடும்பம் லா.”

“வாத்தியாருக்குன்னு சின்ன மந்திரம் தனியா இல்லீங்க. விலையைக் குறைச்சா பாதி வழியில இறக்கி விட்டுடுவேன், பரவாயில்லையா?”

நளினியின் கணவர் தேவன், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி வாத்தியார். அவர் காணாமல் போய் வருஷம் இரண்டாகப் போகிறது. தேடுவதில் முன்னால் நின்றவர் ஜெயகுமார்தான். கூலிமிலிருந்து அலோர் ஸ்டார் வரைக்கும் போஸ்டர் ஒட்டினார். போலீஸ் ஸ்டேஷனுக்கு நளினியைத் தன் காரிலேயே கூட்டிப் போய், கூட்டி வந்தார். போன வாரம் இந்தக் கேஸில் மூன்று பேர் கைதானபோது, முதலில் போன் அடித்துச் சொன்னதும் அவர்தான். காரியம் பண்ணிவிடலாம் என்று முதலில் சொன்னதும் அவர்தான்.

“அவசரப்படுறமோன்னு இருக்குண்ணே,” என்றாள் நளினி. “பிடிபட்ட மூணு பேரும் வாயே திறக்கலையாம். இன்ஸ்பெக்டர் மோரிஸ் சொன்னாரு. உடம்பும் கிடைக்கல. ஒருவேளை அவரு எங்கயாவது...”

“உயிரோட இருந்தா ஒரு வாட்ஸ்அப்பு கூடவா வராது தங்கச்சி? ஒரு நாளு லேட்டா வந்தாக்கூட பியூனுக்குப் போன் பண்ணிச் சொல்ற மனுஷன்! நீயும் ஸ்டேஷன் வாசல்ல நின்னு நின்னு பாதியாயிட்டே. கேஸைப் போலீஸ் பார்த்துக்கட்டும். இங்க நாம முடிச்சிடுவோம்.”

முடிச்சிடுவோம். அவள் எழுந்து மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தாள். உட்காராமலே தலையை ஆட்டினாள்.

ஐயர் பேனாவைத் திறந்தார். “பேரு தேவன். என்ன திதியில போனாரு?”

“தெரியாது சாமி. தைப்பூசத்தன்னிக்குக் காவடி பார்த்துட்டு வரேன்னு மோட்டார் சைக்கிள்ல கிளம்பினாரு. மோட்டார் மட்டும் கால்வாய்ல கிடந்துச்சு.”

“காணாமப் போன நாள் கணக்கில்லம்மா. உயிர் போன நாள்தான் திதி. அது தெரியலைன்னா அமாவாசையிலதான் கொடுக்கணும், அதான் வழக்கம். தை அமாவாசை வருது, அன்னிக்கே வச்சுக்கலாம்.” ஐயர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஆனா அன்னிக்கு ரேட்டு அறுநூறு.”

“அறுநூறா!” ஜெயகுமார் எழுந்தே விட்டார். “அதே மந்திரம், அதே எள்ளு, அதே ஐயரு. அன்னிக்கு மட்டும் என்ன, ஆத்மாவுக்கு பிசினஸ் கிளாஸா?”

“ஆத்தங்கரையில அன்னிக்குக் காலு வைக்க இடம் இருக்காதுங்க. அத்தனை பேருக்கும் நான் ஒருத்தன்தான்.”

“நானூறு.”

“அறுநூறு.”

“நானூத்தி அம்பது. கடைக்கு வாங்க, சரிகை வேட்டி ஒண்ணு தரேன்.”

“வேட்டி வீட்டுல மலையாக் கிடக்கு. அமாவாசைன்னா அறுநூறு, சாதா நாளுன்னா முன்னூத்தி எண்பது. உங்களுக்குத் திதி தெரியல, அதுக்கு நான் என்ன பண்ண?”

ஜெயகுமாருக்கு மூக்கு விடைத்தது. கல்லாவிலேயே தலை நரைத்தவர். சொன்ன விலைக்கு ஒரு கைக்குட்டைகூட வாங்கியதில்லை. பழைய விலை இதோ கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. அதை விட்டுவிட்டு எழுந்து போக அவருக்கு உடம்பு இடம் கொடுக்கவில்லை.

“தெரியலைன்னு யாரு சொன்னா? பூசம் கழிச்சு நாலாம் நாளு, சங்கடஹர சதுர்த்தி! பிள்ளையாருக்கு நான் தேங்கா உடைக்கிற நாளு, மறக்குமா? எழுதுங்க சாமி, சதுர்த்தின்னு. சாதா நாளுதானே? முன்னூத்தி எண்பது. முடிஞ்சுது லா!”

“இதை முதல்லயே சொல்லியிருந்தா என் தொண்டையாவது மிஞ்சியிருக்கும்,” என்று ஐயர் எழுதிக்கொண்டார். “தேய்பிறை சதுர்த்தி.”

ஜெயகுமார் ஜெயித்த சிரிப்போடு பர்ஸை எடுத்தார்.

காலையிலிருந்து ஓர் இடத்தில் நிற்காத நளினியின் கால்கள் இப்போது அசையவில்லை.

“முகம் கழுவிட்டு வரேண்ணே,” என்று எப்படியோ சொல்லிவிட்டு வெளியே வந்தாள். கால் கழுவும் குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்துக்குள் நின்றுகொண்டு இன்ஸ்பெக்டர் மோரிஸை அழைத்தாள்.

“தம்பி, மூணு பேரைப் பிடிச்சாச்சு, அவ்வளவுதான் கணக்குன்னு சொன்னீங்களே...”

“ஆமாக்கா. ஏன், என்ன ஆச்சு?”

“என் வீட்டுக்காரரு காணாமப் போன நாளு ஊருக்கே தெரியும். செத்த நாளு பொண்டாட்டி எனக்கே தெரியாது. அது தெரிஞ்சவரு உள்ள உட்கார்ந்து ஐயருகிட்ட மீதிக் காசு வாங்கிட்டு இருக்காரு. மூணை அடிச்சிட்டு நாலுன்னு எழுதிக்குங்க தம்பி.”