சிவப்புப் பாயை மிதிக்காதே

"அந்தப் பாயை மிதிக்காதேடி! செத்துப்போயிடுவே!"

நான் கத்தினது தெருவுக்கே கேட்டிருக்கும். ஹ்வெய்வென் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தைபேயிலிருந்து வந்த நாடகக் குழுவின் கதாநாயகி. வாய் ரொம்ப நீளம்.

"என்னக்கா, பேயா? நடு மேடையில சிவப்புப் பாயை விரிச்சுட்டு, சுத்திச் சுத்தி ஆடுன்னா எப்படி ஆடறது?"

"ஏழாம் மாசம் பொறந்தாச்சு, பேய்ங்க வெளியே உலாவற மாசம். முதல்ல வாயைக் கழுவு."

எங்கள் தைனான் அரங்கத்தில் முப்பது வருஷமாக இதுதான் வழக்கம். எந்தக் குழு வந்தாலும் அந்தப் பாய்க்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சுற்றிக்கொண்டுதான் போவார்கள். அங்கே அழுகைச் சத்தம் கேட்டதாக மேளக்காரர் சொல்வார். வெள்ளைக் கை ஒன்று பாயை நீவியதைப் பார்த்ததாக விளக்குப் போடுகிறவர் சத்தியமே செய்வார்.

அந்தப் பேய் வேறு யாருமில்லை. என் கூடப்பிறந்த தங்கை பாவ்ஜு.

கதாநாயகி வேஷம் கிடைக்காத கோபத்தில், நடு மேடையில் இப்போது பாய் விரித்திருக்கும் இடத்தில் உள்ள பள்ளத்துக் கதவைத் திறந்து குதித்துவிட்டாள் என்று முதலாளி லியாவ்தான் ஓடிவந்து சொன்னார். "தானா செத்தவ" என்று அப்பா அவள் படத்தைக்கூட வீட்டில் வைக்க விடவில்லை. நானும்தான், டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்து அவளைத் திட்டாத நாளில்லை. பாவி, ஒரு வேஷத்துக்காகவா?

"மிதிக்காதேம்மா, உன் கால்ல விழறேன்!" முன்வரிசையிலிருந்து முதலாளியும் அலறினார். எழுபத்தைந்து வயசு மனுஷன்.

"அட போங்க தாத்தா!"

காலை வைத்தாள்.

படார்!

பாயோடு உள்ளே போய்விட்டாள். "பிடிச்சு இழுத்துட்டா! பிடிச்சு இழுத்துட்டா!" என்று குழுவே சிதறி ஓடியது. பலகை விளிம்பில் ஒரு கை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் அதைப் பிடித்தேன்.

"விடுடி பாவ்ஜு! அவளை விட்டுடு!" என்று கதறிக்கொண்டே இழுத்தேன்.

மேலே வந்த பெண்ணுக்கு மூச்சு வாங்கியது. முழங்கால் முழுக்க ரத்தம். இன்னொரு கையில், விழும்போது பற்றிய பழைய சணல் கயிறு.

"யாரும் இழுக்கலக்கா. பள்ளத்துக் கதவுக்குத் தாழ்ப்பாளே இல்ல. இத்துப்போன கயித்தால கட்டி வெச்சிருக்காங்க. இதோ பாருங்க, ஏற்கெனவே ஒரு தடவை அறுந்து, முடிச்சுப் போட்டிருக்கு."

கயிற்றை வாங்கிப் பார்த்தேன். முதலாளி பக்கம் தூக்கிக் காட்டினேன்.

"என்ன முதலாளி இது?"

அவர் நாற்காலியில் அப்படியே சரிந்தார்.

"தாழ்ப்பாளுக்குச் சொல்லித்தான் விட்டிருந்தேன் லியென்... மறுநாளே வந்துடும்னாங்க. அதுக்குள்ள உன் தங்கச்சி ஆடிக்கிட்டே வந்து கால் வெச்சுட்டா."