ரப்பர் விரிப்பு

குதிரை செம்பி படுத்துத் தூங்கி எட்டு மாதமாகிறது. சிமெண்டுத் தரை ஒத்துக்கொள்ளாமல் நின்றபடியே கண்ணயரும், கால் மடங்கிச் சரியும். முட்டியெல்லாம் புண். ஏரிக்கரையில் அதைச் சவாரிக்கு நடத்திப் போகும் ஜெசிந்தா, சனிக்கிழமை மாலை ஒரு தடித்த ரப்பர் விரிப்பை வாங்கிவந்து கொட்டிலில் போட்டாள்.

காலையில் குதிரை கால்களை நீட்டித் தலை சாய்த்துக் கிடந்தது. ஜெசிந்தாவின் கணவன் லூர்து கொட்டில் வாசலிலேயே நின்றுவிட்டான்.

“போயிருச்சா?”

“தூங்குதுங்க.”

அவன் மூச்சு விட்டான். “அப்ப எழுப்பு. ஞாயித்துக்கிழம, ஏரியில கூட்டம் சேந்திருக்கும்.”

ஜெசிந்தா சேணத்தை எடுத்தாள். தூக்கத்தில் செம்பியின் உதடு துடித்தது. அவள் சேணத்தைக் கீழே வைத்துவிட்டு விரிப்பின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“ஏரியில போயி இன்னிக்குச் சவாரி இல்லன்னு சொல்லிட்டு வந்துருங்க.”

குதிரையின் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குக் கண் சொக்கியது. லூர்து ஏரிக்குப் போகவும் இல்லை, இரண்டு பேரையும் எழுப்பவும் இல்லை.