போகாத ஃபியூஸ்

"மஞ்சள் ஃபியூஸ் வேணாம் தம்பி. அதைவிடச் சின்னதா ஒண்ணு போடு."

வேனுக்குள் குனிந்து வயரை முறுக்கிக்கொண்டிருந்த பூபதி நிமிர்ந்தான். கதவருகே ராஜாத்தி நின்றிருந்தாள். வேன் சொந்தக்காரர் முனிசாமியின் மனைவி. உத்தனப்பள்ளியிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள்.

"அண்ணன் எங்கக்கா?"

"மெத்தை வாங்க அத்திப்பள்ளி போயிருக்காரு. அவரு வர்றதுக்குள்ள மாத்து."

பூபதிக்குச் சிரிப்பு வந்தது. மூக்கண்டப்பள்ளியில் அவன் கடை போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்கு முன்னால் கம்பெனியில் நைட் ஷிஃப்ட். தூக்கம் கெட்டதுதான் மிச்சம் என்று ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவன். பழைய வேனில் கட்டில் போட்டு, ஃபேன், குட்டி ஃபிரிட்ஜ், டிவி எல்லாம் பேட்டரியில் ஓடும்படி அவன் செய்கிற முதல் வேலை இது. ஒழுங்காக ஓடினால் ஸ்டாண்டில் நிற்கிற அத்தனை வேன்களையும் இங்கேயே அனுப்புவதாக முனிசாமி சொல்லியிருந்தார். ஒரே நிபந்தனை, ஃபியூஸ் போகவே கூடாது.

"மஞ்சள்னா இருபது ஆம்ப்ஸ்க்கா. எல்லாம் ஒண்ணா ஓடினா பதிமூணு இழுக்கும். கணக்குப் போட்டுத்தான் வச்சிருக்கேன்."

"வயரு என்னா பாம்பு தண்டி இருக்குது? எங்க வீட்டு ஃபிரிட்ஜுக்கே இவ்ளோ தடியா இல்லியே."

"வீட்டுல எரநூத்தி முப்பது வோல்ட். இங்க பன்னெண்டு. வோல்ட் கொறைஞ்சா ஆம்ப்ஸ் ஏறும். மெலிசா போட்டா வயர் சூடாவும், ஃபிரிட்ஜுக்குப் பவரும் ஒழுங்கா போய்ச் சேராது. இது நாலு ஸ்கொயர் எம்எம் செம்பு வயர். இது தாங்கறதுக்கு மேல ஃபியூஸ் போடவும் மாட்டேன், சும்மா எறக்கவும் மாட்டேன்."

"எறக்கினா வயர் எரியுமா?"

"எரியாது. ஃபியூஸ்தான் போவும். வயரைக் காப்பாத்தத்தானே அது இருக்குது."

"உள்ள இருக்கற ஆளுக்கு ஒண்ணும் ஆவாதே?"

"ஃபேன் நின்னா வேர்க்கும். அவ்ளோதான்."

ராஜாத்தியின் முகம் தெளிந்தது. "அப்ப அஞ்சு ஆம்ப்ஸே போடு."

தீக்குப் பயப்படுகிறாள் என்று பூபதி முடிவு கட்டினான்.

"பயமே வேணாங்க்கா. என் வயரிங்ல புகைகூட வராது."

"உன் வேலையில குத்தம் சொன்னனா? கம்பெனியில வேலை பார்த்த ஆளுன்னாங்க. ஒரு சின்ன ஃபியூஸ் மாத்தறதுக்கு என்னாத்துக்கு இம்மாம் பேச்சு?"

"அஞ்சு போட்டா, ஃபிரிட்ஜ் ஓடறப்ப ஃபேனைத் தட்டினதும் போயிடும். தேன்கனிக்கோட்டை தாண்டி, யானை நடமாடற எடத்துல வண்டி இருட்டடிச்சு நின்னா, அண்ணன் நேரா வந்து என் கடை போர்டைக் கழட்டுவாரு. ஸ்டாண்டுல இருந்து ஒருத்தன் இந்தப் பக்கம் வரமாட்டான். என் பொழப்புக்கா இது."

"அங்க எவன் போறான்?"

"பின்ன, கட்டில், மெத்தை எல்லாம் போட்டு எங்கதான் போறாரு?"

"எங்கயும் போவலை."

ராஜாத்தி ரோட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"பொங்கலன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டேன். அதுல இருந்து வேனை வாசல்ல நிறுத்தி, அதுலயேதான் படுக்கறாரு. புழுக்கம் தாங்காம என்னைக்காவது வீட்டுக்குள்ள வந்துருவாருன்னு நான் காத்துக்கிட்டிருந்தா, நீ என்னடான்னா போவவே போவாத ஃபியூஸ் போடறே!"