நட்ட நடுத் தண்ணீர்

பலகையின் கடைசித் திருகாணியை மேனேஜர் தன் கையாலேயே முறுக்கினார்.

'வேலையாட்கள் குளத்தில் இறங்கக் கூடாது.'

புது நீச்சல் குளம். நேற்றுதான் தண்ணீர் நிரம்பியது. நாளைக்குத் திறப்பு.

தண்ணீர் சோதிக்க வந்தவள் பலகையை இரண்டு முறை படித்தாள். அவளுடைய அண்ணி ஒரு முறைதான் படித்தாள். தன் பூச்சுக் கரண்டிகளைச் சாக்கில் சுருட்டத் தொடங்கினாள்.

இந்தக் குளத்தின் தரையும் சுவரும் அண்ணியின் கைப்பூச்சு. வெயிலில் முட்டி தேய மண்டியிட்டுப் பூசிய நாளெல்லாம் அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். தண்ணீர் விட்டதும் ஒரே ஒரு முறை இதில் நீந்த வேண்டும்.

நாத்தனாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பார்க்கத்தான் பூனை மாதிரி இருப்பாள். வாயைத் திறந்தால் அவள் அண்ணனே அந்தப் பக்கம் நிற்க மாட்டான். சோதனைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே மேனேஜர் முன்னால் போய் நின்றாள்.

"சார், தண்ணியில சுண்ணாம்புச் சத்து எவ்வளவுன்னு பாக்கணும். கம்மியா இருந்தா புதுப் பூச்சை அரிச்சுத் தின்னுடும். கரையோரத் தண்ணி செல்லாது. நட்ட நடுவுல, அடியில போய் எடுக்கணும். தரை எங்க சரியுதுன்னு பூசினவங்களுக்குத்தான் தெரியும்."

மேனேஜர் குளத்தைப் பார்த்தார். தான் மாட்டிய பலகையைப் பார்த்தார். பூச்சு உரிந்தால் முதலாளி யாரை உரிப்பார் என்றும் யோசித்திருப்பார்.

"சரி, சட்டுனு எடுத்துட்டு வெளிய வந்துடணும்."

நாத்தனார் அண்ணியின் கையில் ஒரு குப்பியைத் திணித்தாள். அண்ணி உடுத்திய துணியோடு குதித்தாள்.

சட்டென்று வரவில்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நீந்தினாள். அடியில் போய்த் தரையைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு மல்லாந்து, கண்ணை மூடிக்கொண்டு, மகாராணி மாதிரி மிதந்தாள்.

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் என்ன பண்றாங்க?"

"நடு எதுன்னு தேடுறாங்க சார்."

ஒருவழியாக அண்ணி கரையேறிக் குப்பியை நீட்டினாள். முகம் பேயறைந்தது போல் இருந்தது.

நாத்தனார் அதை வாங்கிப் பெட்டிக்குள் விட்டு ஒரு குப்பியை எடுத்தாள். கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஊற்றி மருந்து கலந்ததும் சிவந்தது. அடுத்த மருந்தைச் சொட்டுச் சொட்டாக எண்ணி விட்டாள். சிவப்பு கலைந்து நீலமானது.

"அளவு சரியா இருக்கு சார். பூச்சுக்கு ஒண்ணும் ஆகாது."

மேனேஜர் நிம்மதியாக நடையைக் கட்டினார்.

அண்ணி அவள் கையை இறுக்கிப் பிடித்தாள். "ஏய், நான் மூடியைத் திறக்கவே இல்லடி. குதிச்ச சந்தோஷத்துல மறந்தே போச்சு. நீ எந்தத் தண்ணியச் சோதிச்ச?"

பெட்டியில் இருந்தது, காலையில் வந்ததும் நாத்தனார் கரையில் குந்தி, முழங்கை நனையக் கையை விட்டு எடுத்த தண்ணீர். அப்போதே ஒரு முறை சோதித்தும் பார்த்தாயிற்று. இந்தச் சோதனைக்காக அவள் எந்தக் குளத்திலும் யாரையும் இறக்கியதில்லை.

அவள் வாசலைத் தாண்டப் போன மேனேஜரைக் கூப்பிட்டாள்.

"சார்! சாயங்காலம் இன்னொரு தடவை எடுக்கணும்."